ஊரைச் சொல்லாத மல்லன்

ஜப்பான் கொண்டாடிய ரிக்கிடோசான் கதை

சுனாபட்டி ரயில் நிலையத்தில் மாலை நேரத்துக் கூட்டம். யாராவது ஒருவர் தோளால் நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு வண்டியில் ஏறினால், "என்னய்யா, பெரிய தாராசிங் என்று நினைப்பா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும். இந்தியில் கேட்கும். மராத்தியில் கேட்கும். நெல்லைத் தமிழிலும் கேட்கும். தாராசிங் குஸ்தி மேடையை விட்டு இறங்கியது 1983-ம் ஆண்டில். ஜூஹுவில் தன் வீட்டில் அவர் கண்ணை மூடியது 2012-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி. ஆனாலும் இந்த நகரத்தில் பலத்துக்கு இன்னும் அவர் பெயர்தான்.

இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவர் இன்னொன்று கேட்பார். "ஆப்கா காவ் கோன்ஸா?" உங்கள் ஊர் எது? முப்பது வருடம் சுனாபட்டியில் இருந்தாலும் சுனாபட்டி என்று சொன்னால் செல்லாது. திருநெல்வேலி, சேலம், வட ஆற்காடு என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு நம்மவர்கள் தயங்காமல் சொல்லுகிறார்கள். 1960-களின் கடைசியில், 'மதராசி' என்ற சொல்லே வசையாக இருந்த நாட்களில், இந்தக் கேள்விக்கு வாயைத் திறக்க யோசித்தவர்களும் உண்டு.

அந்தக் கேள்விக்குக் கடைசி வரை ஊரறியப் பதில் சொல்லாமலே வாழ்ந்து முடித்த ஒரு மல்லர் இருந்தார். ஜப்பானுக்கு அவர்தான் தாராசிங். பெயர் ரிக்கிடோசான். நாடே அவரைத் தன் பிள்ளை என்று தூக்கி வைத்து ஆடியது. ஆனால் அவர் ஜப்பானியர் அல்ல.

கிம் சின் ராக்

கொரியாவின் வடகிழக்கில் தென் ஹம்கியோங் மாநிலம். இன்று அது வடகொரியாவில் இருக்கிறது. அங்கே 1924-ம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கிம் சின் ராக்.

கொரியா அப்போது ஜப்பானின் பிடியில் இருந்தது. 1910-ல் பிடித்த நாட்டை ஜப்பான் 1945-ல் தோற்கும் வரை விடவில்லை. கொரியர்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கூட 1940-ல் நெருக்கினார்கள். சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் கொரியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள்.

நம் ஊர்ச் சடுகுடு, சிலம்பம் போல, கொரியாவில் 'சிருமு' என்று ஒரு கிராமத்து மல்யுத்தம் உண்டு. திருவிழாக்களில் மணலில் நடக்கும். கிம் அதில் கெட்டிக்காரர். அதைப் பார்த்த ஒரு ஜப்பானியர், சுமோவுக்கு ஏற்ற பையன் என்று டோக்கியோவுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். 1940-ம் ஆண்டு மே மாதம், வயது பதினாறு கூட நிரம்பாத நிலையில், நிஷோனோசெக்கி என்ற சுமோ கூடத்தின் சார்பில் களம் இறங்கினார். ரிக்கிடோசான் என்பது அங்கே வைத்த பெயர். வலிமை, வழி, மலை என்ற மூன்று சொற்கள் சேர்ந்தது.

சுமோவில் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் வீரர்களின் தகுதிப் பட்டியல் வெளியாகும். பெயருக்கு மேலே சொந்த ஊரும் இருக்கும். தொடக்கத்தில் ரிக்கிடோசான் பெயருக்கு மேலே 'கொரியா' என்று இருந்தது. பின்னால் வந்த பட்டியல்களில் அது மறைந்து, 'நாகசாகி, ஒமூரா' என்று ஆனது. ஒமூரா, அவரை அழைத்து வந்த மொமோட்டா குடும்பத்தின் ஊர். அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே அரசுப் பதிவேட்டிலும் ஏறினார். மொமோட்டா மிட்சுஹிரோ, பிறந்த இடம் ஒமூரா என்று தாள்கள் பேசின.

குடுமி அறுத்தார்

சுமோ கூடம் என்பது விளையாட்டு அல்ல. புதிதாகச் சேர்ந்த பையன் விடியுமுன் எழுந்து பயிற்சி செய்து, பெருக்கி, சமைத்து, மூத்தவர்களுக்கு முதுகு தேய்த்து, கடைசியில் மிச்சம் இருப்பதைச் சாப்பிட வேண்டும். அடி உதை எல்லோருக்கும் உண்டு. கொரியப் பையனுக்கு வசைச் சொல்லும் சேர்த்து.

அதையெல்லாம் தாண்டி 1949-ம் ஆண்டில் 'செக்கிவாக்கே' என்ற நிலையை எட்டினார். சுமோவில் அது மேலிருந்து மூன்றாவது படி. இன்னும் இரண்டே படிதான். அந்த நேரம் பார்த்து நுரையீரலில் நோய் வந்தது. சிகிச்சைக்குப் பணம் கரைந்தது. கூடத்துத் தலைவருடன் பணத் தகராறும் முற்றியது. 1950-ம் ஆண்டு செப்டம்பரில் ஒருநாள் கத்தியை எடுத்துத் தன் குடுமியைத் தானே அறுத்துப் போட்டார்.

சுமோ வீரரின் குடுமியை, அவர் ஓய்வு பெறும்போது பெரியவர்கள் கூடிச் சடங்கு செய்துதான் வெட்டுவார்கள். தானே வெட்டிக்கொண்டால் இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது என்று பொருள். கொரியன் என்பதால் மேலே போக விடமாட்டார்கள் என்ற கசப்பே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் வாயால் அப்படிச் சொல்லவில்லை. சொன்னால் கொரியன் என்று ஒப்புக்கொண்டது ஆகிவிடுமே!

பிறகு ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை. இரவில் மதுக்கடை, கைகலப்பு. அப்படி ஒரு கடையில் ஹவாய்க்காரர் ஹரோல்ட் சகாட்டாவுடன் கைகலந்ததில்தான் புதுத் தொழில் அறிமுகமானது என்று கதை உண்டு. சகாட்டா 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். 'கோல்ட்பிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தொப்பியை வீசித் தலையைச் சீவும் அடியாள் அவரே.

அமெரிக்கப் பட்டாளம் ஜப்பானில் முகாம் போட்டிருந்த காலம் அது. பட்டாளத்தைக் குஷிப்படுத்த வந்த மல்லர்களின் கூட்டத்தில் சகாட்டாவும் ஒருவர். 1951-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி ரிக்கிடோசான் முதன்முறையாகக் கயிறு கட்டிய மேடையில் ஏறினார். எதிரி பாபி புரூன்ஸ் என்ற அமெரிக்கர். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது. போட்டி சமநிலை. 1952 பிப்ரவரியில் ஹவாய்க்குப் போய் முறைப்படி கற்றார். அங்கிருந்து அமெரிக்கா. ஏறக்குறைய ஓராண்டு ஊர் ஊராகக் குஸ்தி.

அமெரிக்க மேடையில் அப்போது ஜப்பான்காரன் என்றாலே வில்லன். பேர்ல் துறைமுகத்தை யாரும் மறக்கவில்லை. எதிரியின் கண்ணில் உப்பைத் தூவுவான், கும்பிடுவது போல் குனிந்து முதுகுக்குப் பின்னால் குத்துவான். கூட்டம் காறித் துப்பும், டிக்கெட் விற்கும். வெளியூர்க்காரனை அடிப்பதைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்ற பாடத்தை ரிக்கிடோசான் அங்கேதான் படித்தார். ஜப்பானுக்குத் திரும்பியதும் அந்தப் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். 1953-ல் ஜப்பான் மல்யுத்த சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்களை வரவழைத்தார்.

சிம்பாஷி ஸ்டேஷன்

1954-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி. டோக்கியோ குராமாயே அரங்கம். ஒருபக்கம் பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்ற சகோதரர்கள். இருவரும் ஆறரை அடி ஆகிருதி. அமெரிக்கர்கள் என்று விளம்பரம். உண்மையில் கனடாக்காரர்கள். மறுபக்கம் ரிக்கிடோசானும், ஜூடோவில் ஈடு இணையற்ற மசஹிகோ கிமுராவும். ரிக்கிடோசான் ஆறடிக்கும் குறைவு.

ஜப்பானில் டெலிவிஷன் வந்து சரியாக ஒரு வருடம். ஷார்ப் கம்பெனி 1953-ல் விற்ற முதல் டெலிவிஷனின் விலை 1,75,000 யென். ஒரு குமாஸ்தா வருடம் முழுவதும் பட்டினி கிடந்து சேர்த்தாலும் வாங்க முடியாது. ஆகவே தனியார் டெலிவிஷன் நிலையம் முச்சந்திகளிலும் ரயில் நிலைய வாசல்களிலும் பெட்டிகளை உயரத்தில் மாட்டியது. அன்றிரவு சிம்பாஷி ரயில் நிலையத்தின் முன்னால் சுமார் 20 ஆயிரம் பேர் அண்ணாந்து நின்றார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் கூட்டம் வண்டியை விட்டுவிட்டு நின்றது. மாலை ஆறு மணிக்குத் தாதர் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. ஒரே வேறுபாடு, அங்கே யாரும் நகரவில்லை.

கிமுரா அடி வாங்கித் தடுமாறும்போதெல்லாம் ரிக்கிடோசான் உள்ளே பாய்வார். உள்ளங்கை விளிம்பை வாள்போல் வீசி வெள்ளைக்காரர் மார்பில் வெட்டுவார். 'கராத்தே வெட்டு' என்று அதற்குப் பெயர். சுமோவில் கற்ற அறையும் அதில் கலந்திருந்தது. தோற்ற நாடு. ஒன்பது வருடம் தலைகுனிந்து நடந்த ஜனங்கள். ஆறரை அடி வெள்ளைக்காரன் கயிற்றில் சாய்ந்து கெஞ்சுவதைக் கண்டதும் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்களாம்.

அவர்களுக்காக அந்த அடியை அடித்தவன், அவர்கள் அடிமைப்படுத்தி வைத்திருந்த நாட்டுப் பிள்ளை. அது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

நிஜமா, நாடகமா?

இந்த இடத்தில் வாசகர் ஒரு கேள்வி கேட்பார். வொர்லி வல்லபாய் படேல் அரங்கில் குஸ்தி நடந்த நாட்களிலும் இதே கேள்விதான். டிக்கெட் வாங்கி உள்ளே போய், தொண்டை வறளக் கத்திவிட்டு, வெளியே வரும்போது, "எல்லாம் செட்-அப் அண்ணே!" என்று சொல்லுவது வழக்கம்.

மறைப்பானேன்? இந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே பேசப்பட்டது. ஆனால் இருநூற்றைம்பது பவுண்டு ஆளைத் தலைக்குமேல் தூக்கிப் பலகையில் அடிப்பதில் நடிப்பு இல்லை. விழுகிறவன் முதுகுக்கு அது நிஜம்தான்.

நிஜக் குஸ்திக்கு இந்த மராட்டிய மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. கராடுக்குப் பக்கத்துக் கோலேஷ்வர் கிராமத்துக் காஷாபா ஜாதவ் 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியா பெற்ற முதல் தனிநபர் பதக்கம் அது. அந்தப் போட்டியில் ஜாதவைத் தோற்கடித்தவர் ஷோஹாச்சி இஷி என்ற ஜப்பானியர். தங்கமும் அவருக்கே. ஹெல்சிங்கியில் ஜப்பான் பெற்ற ஒரே தங்கம் அதுதான். ஆனால் டோக்கியோ தெருக்கள் கொண்டாடியது இஷியை அல்ல, ரிக்கிடோசானை. இங்கும் அதே கதை. ஜாதவ் போலீஸ் வேலை பார்த்து, 1984-ல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை. தாராசிங் படம் போட்ட சுவரொட்டிகளோ தாராவியிலிருந்து தஞ்சாவூர் வரை ஒட்டப்பட்டன.

பேசிவைத்த ஆட்டத்திலும் துரோகம் நடக்கும். தன்னைப் பக்க வாத்தியமாக வைத்து ரிக்கிடோசான் பேர் வாங்குகிறார் என்று கிமுராவுக்குப் பொறுக்கவில்லை. நிஜமாக மோதினால் நானே ஜெயிப்பேன் என்று பத்திரிகையில் சவால் விட்டார். 1954-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இருவரும் மோதினார்கள். முதலில் சமநிலை, பிறகு ஆளுக்கொரு வெற்றி என்று ஒப்பந்தம் இருந்ததாகக் கிமுரா பின்னால் சொன்னார். மேடையில் ரிக்கிடோசான் திடீரென்று வெறி பிடித்தவர் போல் அடிக்க ஆரம்பித்தார். கிமுரா இரத்தம் வடிய விழுந்தார். அதோடு அவர் மவுசு போயிற்று. பிரேசிலில் ஹெலியோ கிரேசியின் கையை முறுக்கி வென்ற அந்த மாபெரும் வீரர், இந்த ஒரு தோல்வியை வாழ்நாளெல்லாம் சுமந்தார்.

ரிக்கிடோசான் நல்லவரா என்று கேட்டால், கூட இருந்தவர்கள் பதில் சொல்ல யோசிப்பார்கள். குடி, கோபம், சீடர்களுக்கு அடி. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிங்காங்கும் தாராசிங்கும்

1955-ம் ஆண்டு நவம்பரில் ஆசியச் சாம்பியன் போட்டி என்று ஒன்றை டோக்கியோவில் நடத்தினார் ரிக்கிடோசான். அதற்குப் போனவர்கள் நமக்குப் பழக்கமான ஆட்கள். கிங்காங், டைகர் ஜோகிந்தர் சிங், தாராசிங்!

கிங்காங்கின் உண்மைப் பெயர் எமில் சாயா. இன்றைய ருமேனியாவில் பிறந்த ஹங்கேரிக்காரர். நானூறு பவுண்டு எடை என்பார்கள். இந்தியா முழுக்க உருண்டு திரண்டவர். சிங்கப்பூரில் குடியேறினார். கார் விபத்தில் சிக்கி 1970-ல் அங்கேயே இறந்தார். தமிழ்நாட்டில் குண்டுப் பையனுக்குக் கிங்காங் என்று பட்டப்பெயர் வைப்பதற்குக் குரங்குப் படம் பாதிக் காரணம், இந்த மனிதர் பாதிக் காரணம்.

தாராசிங் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்முசக் கிராமத்து விவசாயி மகன். 1928-ல் பிறந்தவர். 1940-களின் கடைசியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். பீப்பாய் செய்யும் ஆலையில் கூலி வேலை. மாலையில் 'கிரேட் வேர்ல்ட்' மைதானத்தில் ஹர்னாம் சிங்கிடம் பயிற்சி. மலேயா சாம்பியன் ஆன பிறகுதான் நாடு திரும்பினார். 1954-ல் பம்பாயில் 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்' பட்டம். 1959-ல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியங்கோவைச் சாய்த்துக் காமன்வெல்த் பட்டம். பஞ்சாபிலிருந்து போனவர், பம்பாயில் தங்கினார், இந்திப் படத்தில் நடித்தார். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் பஞ்சாப் என்றார். சொல்லிலேயே பஞ்சாபி மணக்கும். யாரும் குறை காணவில்லை. அந்தப் பஞ்சாபிதான் 1987-ல் டெலிவிஷன் இராமாயணத்தில் அனுமாராக வந்து, சால்களில் ஒரு பெட்டி இருந்த வீட்டில் ஒரு தெரு ஜனத்தையே உட்கார வைத்தார்.

டோக்கியோவில் ரிக்கிடோசானுக்கு அந்த வசதி இல்லை. அந்த நவம்பரில் இரட்டையர் பட்டத்தைக் கிங்காங்கும் ஜோகிந்தரும் தட்டிச் சென்றார்கள். 22-ந் தேதி தனியர் இறுதிப் போட்டியில் கிங்காங்கை வீழ்த்தி ஆசியச் சாம்பியன் ஆனார் ரிக்கிடோசான். ஜப்பானின் வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின.

தாராசிங்குக்கும் அவருக்கும் இன்னொரு உறவு உண்டு. அது லூ தெஸ். செயிண்ட் லூயிஸ் நகரில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஹங்கேரியத் தகப்பனின் மகன். உலகச் சாம்பியன்களுக்கெல்லாம் சாம்பியன். 1957 அக்டோபரில் அவரை டோக்கியோவுக்கு அழைத்தார் ரிக்கிடோசான். பேஸ்பால் மைதானத்தில் ஒருமணி நேரம் மோதியும் வெற்றி தோல்வி இல்லை. டெலிவிஷன் உள்ள வீடுகளில் நூற்றுக்கு 87 வீட்டில் அதைப் பார்த்தார்கள் என்று கணக்கு. அடுத்த வருடம் ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்சில் தெஸ்ஸை வென்று சர்வதேசப் பட்டத்தைக் கொண்டுவந்தார்.

அதே தெஸ் பம்பாய்க்கும் வந்தார். 1968-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி தாராசிங் அவரை வென்று உலகப் பட்டம் பெற்றார். தெஸ்ஸுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் தாராசிங்கை அசல் மல்லர் என்று அவரே பிற்காலத்தில் பாராட்டியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை இரவு

1958 முதல் மிட்சுபிஷி மின்சாதனக் கம்பெனி பணம் கொடுக்க, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் குஸ்தி வந்தது. ஒரு வாரம் டிஸ்னி படம், மறுவாரம் ரிக்கிடோசான். ஒரு போட்டி முடிந்து அடுத்த போட்டி தொடங்குமுன் மிட்சுபிஷி தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்து மேடையைச் சுத்தம் செய்வார்கள். சுத்தமும் ஆயிற்று, விளம்பரமும் ஆயிற்று!

1962-ல் பிரெட்டி பிளாசி என்ற அமெரிக்கர் வந்தார். பல்லை அரத்தால் ராவிக் கூராக்குவது போல் காட்டிவிட்டு எதிரியின் நெற்றியைக் கடிப்பார். இரத்தம் வழிவதை டெலிவிஷனில் பார்த்த முதியவர்கள் சிலர் அதிர்ச்சியில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. 1963 மே மாதம் முகமூடி அணிந்த டெஸ்ட்ராயருடன் மோதியபோது பார்வையாளர் கணக்கு நூற்றுக்கு 64. அப்போது ஏராளமான வீடுகளில் பெட்டி வந்துவிட்டது. ஆகவே 1957-ஐ விட இதுதான் பெரிய கூட்டம்.

பணம் கொட்டியது. ஷிபுயாவில் சொந்தமாக 'ரிக்கி விளையாட்டு மாளிகை' கட்டினார். அக்காசாக்காவில் அடுக்குமாடிக் கட்டடம். கொரியப் பையன் டோக்கியோவில் மாளிகை கட்டினான். பெயர்ப் பலகையில் ஜப்பானியப் பெயர்.

பூட்டிய வாய்

அவர் கொரியர் என்பது பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாதா? பலருக்குத் தெரியும். சுமோ பட்டியலிலேயே இருந்ததுதானே! ஆனால் யாரும் எழுதவில்லை. எழுதினால் குஸ்தி போய்விடும், குஸ்தி போனால் பத்திரிகையும் விற்காது. கொரியர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கிய நாடு அது. அந்த நாட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறவர் ஒரு கொரியர் என்றால் எப்படிச் சொல்வது?

ஊரிலோ போருக்குப் பிறகு கோடு கிழித்துவிட்டார்கள். பிறந்த மாநிலம் வடக்கில் மாட்டிக்கொண்டது. கடிதம் போடுவதே கஷ்டம். போய் வருவது நடக்காத காரியம்.

ஆனால் ஊர்ப் பாசம் ஒரேயடியாக வற்றிவிடவில்லை. தென்கொரியாவிலிருந்து கிம் இல் என்ற வாலிபர், ரிக்கிடோசானிடம் குஸ்தி கற்க வேண்டும் என்று 1958-ல் அனுமதிச் சீட்டு இல்லாமல் கப்பலேறி வந்து பிடிபட்டார். ரிக்கிடோசான் செல்வாக்கைப் பயன்படுத்தி அவரை மீட்டுச் சீடனாக வைத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு ஜப்பானியப் பெயர் சூட்டினார்: ஓகி கிண்டாரோ. தான் செய்ததையே சீடனுக்கும் செய்தார்.

1963 ஜனவரியில் தென்கொரியா தலைநகர் சியோலுக்குப் போனார். இருபது வருடங்களுக்குப் பிறகு கொரிய மண். அங்கே வரவேற்பு பலமாக இருந்தது. ஜப்பானில் அந்தப் பயணத்தைப் பற்றி அநேகமாகச் சத்தமே இல்லை. சியோலிலிருந்து வடக்கே எல்லை நாற்பது மைல் கூட இல்லை. அதைத் தாண்டித்தான் சொந்த ஊர். தாண்டவில்லை.

அக்காசாக்காவில் ஒரு கத்தி

1963 ஜூனில் திருமணம். மணமகள் ஜப்பான் விமானக் கம்பெனியில் பணிப்பெண்ணாக இருந்தவர். பெரிய இடத்து மனிதர்களெல்லாம் வந்திருந்தார்கள். ஆறு மாதம்தான் ஓடியது.

டிசம்பர் 8-ந் தேதி இரவு, அக்காசாக்காவில் 'நியூ லத்தீன் குவார்ட்டர்' என்ற இரவு விடுதி. கழிப்பறைப் பக்கம் ஒரு யாகூசா அடியாளுடன் வாய்த் தகராறு. காலை மிதித்தாய், இல்லை என்று ஆரம்பித்தது. ரிக்கிடோசான் அவனைக் கீழே தள்ளி மேலே விழுந்து அடித்தார். கீழே கிடந்தவன் கத்தியை உருவி வயிற்றில் குத்தினான்.

ஷார்ப் சகோதரர்களையும் கிங்காங்கையும் தாங்கிய வயிறு. ஆரம்பத்தில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு உள்ளே சீழ் பிடித்தது. மருத்துவர் சொல்லைக் கேளாமல் சோடா குடித்தார் என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. டிசம்பர் 15-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 39.

இறப்புச் செய்திகளில் பிறந்த ஊர் ஒமூரா என்றே அச்சாயிற்று. சுமோவில் எழுதிய ஊர் சாவு வரை கூட வந்தது. அவர் கொரியர் என்பது ஜப்பானில் பரவலாகத் தெரிய வந்தது, இறந்து பல வருடங்கள் கழித்துத்தான். 2004-ல் தென்கொரியாவில் அவர் பெயரிலேயே ஒரு சினிமாவும் எடுத்தார்கள்.

சீடன் போன ஊர்

ரிக்கிடோசானின் சீடர்களில் இருவர் 1960-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி ஒரே நாளில் மேடை ஏறினார்கள். ஒருவர் ஜயண்ட் பாபா. மற்றவர் அந்தோனியோ இனோக்கி.

இனோக்கியின் கதையும் நம்மவர்களுக்குப் புரியும் கதை. யோகோஹாமாவில் பிறந்தவர். அப்பா இல்லை. பிழைக்க வழியின்றிக் குடும்பம் 1957-ல் பிரேசிலுக்குக் கப்பலேறியது. வழியில் தாத்தா இறந்தார். பதினான்கு வயதுப் பையன் காப்பித் தோட்டத்தில் காய் பறித்தான். இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலியாகப் போன தமிழர் வீடுகளில் இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1960-ல் பிரேசிலுக்குக் குஸ்திக்குப் போன ரிக்கிடோசான் கண்ணில் பட்டான். ஜப்பானுக்குத் திருப்பி அழைத்து வந்தார். மூன்று வருடம் நன்றாக அடித்தார். நன்றாகவே கற்றுக் கொடுத்தார்.

இனோக்கி 1972-ல் சொந்தச் சங்கம் தொடங்கினார். 1976 ஜூன் 26-ந் தேதி டோக்கியோவில் முகமது அலியுடன் மோதினார். பதினைந்து ரவுண்டும் தரையில் படுத்தபடி அலியின் காலை உதைத்தே கழித்தார். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அலியின் கால்தான் வீங்கியது. அதே டிசம்பரில் கராச்சியில் அக்ரம் பயில்வானுடன் நடந்தது வேறு மாதிரி. பேசிவைக்காத சண்டையாக முற்றி, அக்ரமின் கை முறிந்தது. இந்தப் பக்கத்துப் பயில்வான் வீடுகளில் பல வருடம் அந்தப் பேச்சு ஓயவில்லை.

1989-ல் இனோக்கி ஜப்பான் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்தலில் வென்று போனார். (தாராசிங் நம் மாநிலங்களவைக்கு நியமனம் ஆனது 2003-ல்.) அதற்குப் பிறகு அவர் அடிக்கடி போக ஆரம்பித்த இடம், ஜப்பானுக்குத் தூதரக உறவே இல்லாத வடகொரியா. அங்கே ரிக்கிடோசானை அதற்குள் கொரிய வீரர் என்று கொண்டாட ஆரம்பித்திருந்தார்கள். ரிக்கிடோசானின் சீடன் என்ற ஒரே சீட்டுதான் இனோக்கியிடம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

1995-ம் ஆண்டு ஏப்ரல் 28, 29 தேதிகளில் பியோங்யாங் மே தின அரங்கில் குஸ்தி நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள். முகமது அலியும் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்தார். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மாதிரிக் குஸ்தியைப் பார்த்ததே இல்லை. யாருக்குக் கை தட்டுவது, எப்போது கத்துவது என்று தெரியாமல் வெகுநேரம் சும்மா இருந்தார்கள். கடைசிப் போட்டி இனோக்கிக்கும் ரிக் பிளேர் என்ற அமெரிக்கருக்கும். அமெரிக்கர் சாயச் சாயக் கூட்டம் எழுந்தது. ரிக்கிடோசான் 1954-ல் சிம்பாஷி கூட்டத்துக்குச் செய்து காட்டியதை, சீடன் அவருடைய சொந்த நாட்டு ஜனங்களுக்குச் செய்து காட்டினார். இனோக்கிக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. பம்பாயில் தாராசிங்கிடம் தோற்றபோது தெஸ்ஸுக்கு இருந்த அதே வயது.